தங்கைக்குக் கொடுத்த பிரதி

0

இந்தக் கதை எனக்குச் சாப்பாட்டு மேசையில் கிடைத்தது. கிடைத்தது என்பதே பாதிப் பொய். என் தங்கை அழுதுகொண்டிருந்தாள். நான் ஆறுதல் சொல்கிற முகத்தோடு எதிரே உட்கார்ந்து, அவள் சொன்னதையெல்லாம் மனதுக்குள் குறித்துக்கொண்டிருந்தேன். பத்திரிகை வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அந்தப் பழக்கம் ஓய்வு பெறவில்லை.

அவளுக்கும் அது தெரியும். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எழுதத்தானே போறீங்க?" என்றாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்; அவள் காத்திருக்கவில்லை. எழுதினால் வேறு யாரும் பார்ப்பதற்கு முன் தனக்குக் காட்ட வேண்டும் என்றாள். தன் குழப்பத்தை இன்னொருவர் வரிசையாக எழுதினால் தனக்கே ஏதாவது பிடிபடலாம். திங்கட்கிழமை காலை முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டும், அதற்கு முன்னால் கைக்கு வந்தால் நல்லது.

சரி என்றேன். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அந்தச் சரிதான் காரணம். (எழுதி முடித்ததுமே இந்த வாக்கியத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. ஒரு கோளாறுக்கு ஒரே காரணம் சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். என்னிடமும்தான்.)

பகுதிகளுக்குப் பூஜ்யத்திலிருந்து எண் போட்டிருக்கிறேன். அவள் தொழிலில் அப்படித்தான் எண்ணுகிறார்கள். நான் ஒன்றிலிருந்து தொடங்கினால் முதல் பக்கத்திலேயே சிவப்புப் பேனாவை எடுப்பாள். எதற்கு வம்பு.

1

முதலில் எழுதிய தொடக்கம்: "சந்தை திறந்ததும் திரை முழுவதும் சிவந்தது." அடித்துவிட்டேன். திரை சிவக்கவில்லை. ஒரு மூலையில், சாதாரண எழுத்தில், ஒரு வரிச் செய்தி வந்தது. திரை சிவப்பதெல்லாம் சினிமாவில்.

இரண்டாவது: "என் தங்கை எந்தத் தப்பும் செய்யவில்லை." இது அண்ணன் எழுதிய வாக்கியம். எந்த ஆசிரியர் மேசைக்கு அனுப்பினாலும், உனக்கு எப்படித் தெரியும் என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்புவார்.

மூன்றாவது: "அவளுடைய கணவர் அந்த வாரம் முழுவதும் அளவுக்கு அதிகமாக அன்பாக இருந்தார், அதைக் கவனித்தபோது எனக்கு"

இந்த இடத்தில் என் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, தோளுக்கு மேலாகப் படித்தாள். "உங்க கதைல எப்பவும் மாப்பிள்ளதான் திருடன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தங்கையைப் பெண் கேட்டு வந்த நாளிலிருந்தே அந்த மனிதரை நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. எல்லோரிடமும் நன்றாகப் பேசுவார், யாரிடமும் கோபப்படமாட்டார், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார். நாற்பது வருடம் செய்தி சேகரித்த ஒருவனுக்கு இதைவிடச் சந்தேகத்துக்குரிய ஆள் வேறு யார்?

வாசகர் இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவும். நான் சுட்டும் விரலையும் கொஞ்சம் கவனிக்கவும்.

2

தங்கையும் மாப்பிள்ளையும் ஒரே ஆபீஸில் வேலை பார்க்கிறார்கள். ஒரு கண் மருத்துவமனையின் மேல்மாடியில் ஒற்றை அறை. நாலைந்து மேசைகள், திறக்க முடியாத ஒரு ஜன்னல், அதன் கீழே தரையெல்லாம் ஒயர். பங்குச் சந்தையில் வாங்கி விற்பவர்களுக்கு அங்கே சாஃப்ட்வேர் எழுதுகிறார்கள். மனிதர் உட்கார்ந்து திரையை முறைக்க வேண்டியதில்லை. புரோகிராம் தானே விலையைப் பார்க்கும், தானே முடிவெடுக்கும், தானே வாங்கும், தானே விற்கும். "திட்டு மட்டும் அதுவா வாங்கிக்காது மச்சான், அதுக்குத்தான் நாங்க இருக்கோம்" என்பார் மாப்பிள்ளை.

முதலாளி முன்பு சந்தையில் வியாபாரம் செய்தவர். புரோகிராம் ஒரு வரிகூட எழுதத் தெரியாது. திரையில் லாபம் பச்சையில் வரும், நஷ்டம் சிவப்பில் வரும். அவருக்கு அந்த இரண்டு நிறம் போதும். அதனால் ஆபீஸில் அவருக்குப் பச்சை என்று பெயர். பச்சை படியேறுகிறார் என்று யாராவது முணுமுணுத்தால் எல்லோர் திரையிலும் வேலை திறந்துகொள்ளும்.

வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. சந்தையிலிருந்து பழைய விலைகளை இழுத்துவருவது மாப்பிள்ளையின் பகுதி. வந்த விலைகளுக்குச் சராசரி போட்டு, இன்றைய விலையை அதோடு ஒப்பிட்டு, வாங்கலாமா விற்கலாமா என்று தீர்மானிப்பது தங்கையின் பகுதி. இவர் கொடுப்பதை அவள் எடுத்துக்கொள்ளும் இடத்துக்கு அரே என்று பெயர்.*

* பாடப்புத்தகத்தில் அணி. அந்த ஆபீஸில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எண் போட்டு வரிசையாக அடுக்கிய பெட்டிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு விலை. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால், இருநூறு பெட்டிகள் இருந்தால் கடைசிப் பெட்டியின் எண் நூற்றுத் தொண்ணூற்றொன்பது.

வீட்டில் காய்கறிப் பையும் இப்படித்தான் என்பாள் தங்கை. அவர் வாங்கி வருவார், இவள் திறந்து பார்த்துத் திட்டுவாள்.

திருமணமான புதிதில் இருவரும் ஒரு விதி போட்டுக்கொண்டார்கள். வீட்டுக்குள் நுழைந்தால் ஆபீஸ் பேச்சு கிடையாது. நல்ல விதி என்று அப்போது பாராட்டினேன். இப்போது யோசித்தால், இதைப் பற்றிப் பேசக் கூடாது என்று இரண்டு பேர் ஒப்புக்கொண்ட இடத்தைத்தான் நான் வாழ்நாள் முழுவதும் முதலில் தோண்டியிருக்கிறேன்.

3

புதிய வாடிக்கையாளர் ஒருவரின் கம்ப்யூட்டரில் புரோகிராமைப் போட்டுக்கொடுத்தார்கள். மறுநாள் சந்தை திறந்த சற்று நேரத்தில் அது நின்றுவிட்டது. அன்று முழுவதும் எதையும் வாங்கவில்லை, எதையும் விற்கவில்லை. திரையில் வந்த செய்தி: அரேயின் எல்லைக்கு வெளியே. கூடவே ஃபைலின் பெயரும் வரியின் எண்ணும். ஃபைல் தங்கையுடையது. வரி, கடைசிப் பெட்டியைத் திறக்கும் வரி. அப்படி ஒரு பெட்டியே இல்லை என்றது கம்ப்யூட்டர்.

அவளுக்கு விளங்கவில்லை. இருநூறு பழைய விலை கேட்டால் இருநூறும் வரும். அவளுடைய கம்ப்யூட்டரில் எத்தனை தடவை ஓட்டினாலும் வந்தது. பச்சைக்கு அந்த விளக்கமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. செய்தியில் ஒரு பெயர் இருந்தது, அது போதும்.

"உன் ஃபைல் பேருதாம்மா போட்டிருக்கு. கம்ப்யூட்டருக்கு உன்மேல என்ன கோவமா?"

அந்த வாரம் முழுவதும் அவள் அந்த ஒரு வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாற்றி எழுதினாள், பழையபடி ஆக்கினாள், முன்னால் ஒரு சோதனை போட்டாள், அதை எடுத்தாள், வேறொன்று போட்டாள். தன் வரியையே சந்தேகப்பட்டுத் தன் வரியிலேயே தேடினாள். பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவர் கணவர். அவருடைய ஃபைலை அவள் திறக்கவில்லை. அங்கே போகச் சொல்லி எந்தச் செய்தியும் வரவில்லையே.

காரணத்தை அவள் பின்னால்தான் கண்டுபிடித்தாள், எல்லாம் கெட்ட பிறகு. அவளுடைய கம்ப்யூட்டரில் பழைய விலைகள் ஏற்கெனவே சேர்ந்து கிடந்தன. கேட்டவுடன் இருநூறும் வந்தது. வாடிக்கையாளருடையதில் ஒன்றும் இல்லை. கேட்ட பிறகுதான் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின. மாப்பிள்ளையின் பகுதி, இறங்கி முடியும்வரை காத்திராமல், அதுவரை வந்த நூற்று நாற்பதை வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று போய்விட்டது. எத்தனை வந்தது என்று சந்தையின் பக்கத்திலிருந்து பதில் வரத்தான் செய்தது. அவருடைய பகுதி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புரோகிராம் அங்கேயே நின்றதால் இறங்குவதும் நின்றுபோனது, ஒவ்வொரு நாளும் மறுபடி அதே நூற்று நாற்பது.

கால் தடுக்கி விழுந்த இடத்தைத்தான் செய்தி சொல்லும். கல்லைப் போட்டவரின் முகவரி அதில் இருக்காது.

(மேலே உள்ள வாக்கியம் எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். கல்லை யாரும் வேண்டுமென்று போட்டதாக அது தொனிக்கிறது. இதுவரை அப்படி எந்த ஆதாரமும் இல்லை. இருந்தாலும் விட்டுவைக்கிறேன்.)

4

ஒரு நாள் மதியம் தங்கை அரை நாள் விடுப்பு எடுத்தாள். மாமியாருக்குப் பல் வலி, டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டியிருந்தது. மறுநாள் வந்தபோது கோளாறு போயிருந்தது. செய்தி வரவில்லை, புரோகிராம் நிற்காமல் ஓடியது. தான் போட்டுப் பார்த்த சோதனைகளில் ஏதோ ஒன்று வேலை செய்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். பச்சை எல்லோர் முன்னாலும் அவளைப் பாராட்டினார், அவர் செலவில் அறை முழுவதற்கும் ஐஸ்கிரீம் வந்தது. சரியாகிவிட்ட ஒன்றை எதற்குச் சரியானது என்று யாரும் தோண்டுவதில்லை.

பிறகு அந்த வாடிக்கையாளர் தன் பட்டியலில் புதிதாக ஒரு பங்கைச் சேர்த்தார். மற்றப் பங்குகளின் பழைய விலைகள், புரோகிராம் நிற்காமல் ஓடிய முதல் இரவே இறங்கி முடிந்திருந்தன; இதற்கு மட்டும் கம்ப்யூட்டரில் எதுவும் இல்லை. அன்று காலையும் பெட்டிகள் குறைவாகத்தான் வந்தன. இந்தத் தடவை கம்ப்யூட்டர் கத்தவில்லை. தங்கையின் ஃபைலில் மூன்று வரிகள் உட்கார்ந்திருந்தன: பெட்டி இல்லையென்றால் விலை பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு மேலே போ.

அவ்வளவு பூஜ்யங்கள் சேர்ந்ததும் சராசரி பாதாளத்துக்குப் போனது. அதோடு ஒப்பிட்டால் இன்றைய விலை வானத்தில் இருப்பதுபோல் தெரிந்தது. விலை ஏறுகிறது, வாங்கு என்று முடிவெடுத்தது புரோகிராம். காலையில் ஒருமுறை நிரப்பிய பெட்டிகளையே அன்று முழுக்கப் பயன்படுத்தும்படி அதை எழுதியிருந்தார்கள். சந்தை விழுந்துகொண்டிருந்தது, இது சாயங்காலம்வரை வாங்கித் தள்ளியது. நஷ்டம் எவ்வளவு என்று எழுதப்போவதில்லை. அவள் அதைச் சொன்னபோது, வீட்டில் எங்களைத் தவிர யாரும் இல்லாதபோதும், குரலைத் தாழ்த்தினாள்.

இப்போது கேள்வி, அந்த மூன்று வரியைப் போட்டது யார் என்பது. எந்த மாற்றம் யார் செய்தது என்று பார்க்க வழி உண்டு. ஆனால் அந்த ஆபீஸில் எல்லோருக்கும் ஒரே லாகின். ஆளுக்கொன்று வாங்கப் பச்சைக்கு மனசு வரவில்லை. எல்லா மாற்றமும் ஆபீஸின் பெயரிலேயே இருக்கிறது. வரிகளோ அச்சு அசலாகத் தங்கையின் கைவேலை: அவள் விடும் இடைவெளி, அவள் வைக்கும் சுருக்கப் பெயர்கள்.

"நானேதான் போட்டிருப்பேன் போல" என்றாள் என்னிடம். "எத்தனையோ போட்டேன், எடுத்தேன். இத எடுக்க மறந்திருப்பேன்."

"ஞாபகம் இருக்கா?"

"இல்ல. ஆனா என் ஃபைலு, என் எழுத்து. வேற யாரு, அண்ணா?"

சின்ன வயதில் பக்கத்து வீட்டார் கதவு எண்ணையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தவள், தான் எழுதிய மூன்று வரியை மறந்திருக்கலாம் என்று தன்னைத்தானே நம்பவைத்துக்கொண்டிருந்தாள்.

பச்சை கெடு வைத்துவிட்டார். திங்கட்கிழமை வாடிக்கையாளருக்கு அவர் ஒரு பெயர் சொல்ல வேண்டும். பெயருக்கு உரியவர் அன்றே கிளம்ப வேண்டும். கிளம்பினால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கும் வழியில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். இல்லாத விலைக்குப் பூஜ்யம் போட்டவள் என்று ஒரு தடவை பெயராகிவிட்டால் அடுத்த ஆபீஸின் வாசலில் அது முன்னால் போய் நிற்கும். விரும்பிப் படித்து, விரும்பிச் செய்கிற ஒரே வேலை அவளுக்கு அது. திங்கட்கிழமை போய், நான்தான் என்று சொல்வதாக முடிவு செய்திருக்கிறாள்.

5

வழக்கமான கண் பரிசோதனைக்கு நான் அந்த மருத்துவமனைக்குத்தான் போவேன், அவர்களுடைய ஆபீஸுக்குக் கீழே இருக்கிறதே, அதற்கு. இந்தத் தடவை நேரம் வாங்கிக் கொடுத்தது மாப்பிள்ளை. கண்ணில் சொட்டு மருந்து விட்டு, நடைபாதையில் வரிசையாகப் போட்ட இரும்பு நாற்காலிகளில் உட்காரவைத்தார்கள். சற்று நேரத்தில் எதிர்ச் சுவரில் இருந்த பெரிய எழுத்துகூடப் பஞ்சுபோல் ஆகிவிட்டது. அப்போதுதான் அவர் படியிறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கண்ணு தெரியுதா மச்சான்?"

"நீங்க ரெண்டு பேரா தெரியறீங்க."

"அப்ப ரெண்டுல எவன் நல்லவனோ அவன் சொல்றதா வெச்சுக்கோங்க."

சொன்னார். தங்கை பல் டாக்டரிடம் போயிருந்த அன்று மதியம் பச்சை வந்து, இன்றைக்குள் சரியாகவில்லை என்றால் ஃபைலை வெளியாளிடம் கொடுத்துவிட்டு அவளை நிறுத்திவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் போனதும் மாப்பிள்ளை அவளுடைய ஃபைலைத் திறந்தார். மூன்று வரியைப் போட்டார். அவள் எழுதுவது மாதிரியே எழுதினார். ஒரு நாள் தவணை கிடைத்தால் போதும், பிறகு உட்கார்ந்து சரியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாராம். சாயங்காலம் வீட்டில் சொல்லியிருக்கலாம். வீட்டில் ஆபீஸ் பேச்சு கிடையாது. காலையில் சொல்லலாம் என்று இருந்தார். காலையில் ஐஸ்கிரீம் வந்துவிட்டது.

"ரொம்ப நாள் கழிச்சு அன்னைக்குத்தான் சிரிச்சா. அந்த முகத்தப் பாத்துட்டு எப்படிச் சொல்றது?"

நான் பழைய வேலைக்குத் திரும்பினேன். அந்த மூன்று வரியைப் போட்டபோது, உங்கள் பகுதியிலிருந்துதான் குறைவாக வருகிறது என்று தெரியுமா என்று கேட்டேன். நர்ஸ் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், ஒருவர் எழுந்து போனார். அதுவரை அவர் பேசவில்லை.

"தெரியாது" என்றார். பிறகு, "தெரிஞ்சிருந்தா என் பக்கத்தத்தானே சரி பண்ணியிருப்பேன்."

நல்ல பதில். அளவெடுத்துத் தைத்த மாதிரி.

(இங்கே ஒரு வாக்கியம் இருந்தது: "அவர் குரல் நடுங்கியது." எடுத்துவிட்டேன். நடுங்கியதா என்று எனக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்துப் பொய்யா நிஜமா என்று சொல்வது என் தொழிலாக இருந்தது. அன்று அவர் முகம் இருந்த இடத்தில் வெளிச்சமாக ஏதோ அசைந்தது, அவ்வளவுதான். என்னிடம் சொல்ல அவர் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தாரா, அல்லது தனியாக நான் கிடைத்ததே அன்றுதானா?)

எழுந்து போகும்போது இரண்டு விஷயம் சொன்னார். திங்கட்கிழமைக்குள் தானே அவளிடம் சொல்லிவிடுவார், அதுவரை நான் சொல்லக் கூடாது; சரி என்று தலையாட்டினேன். இரண்டாவது, "நீங்க எழுதறத அவ படிக்கப்போறாளாம். பாத்து எழுதுங்க மச்சான்."

கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தும் பழைய நண்பர் ஒருவரிடம், யார் என்னவென்று சொல்லாமல், தங்கை அச்செடுத்து வந்திருந்த ஃபைலைக் காட்டி அந்த வரிகளைப் பற்றிக் கேட்டேன். செய்தியை மட்டும் பார்த்துப் பதறிப்போய்ப் போடுகிறவர் செய்தி சொன்ன வரிக்குப் பக்கத்தில்தான் போடுவார் என்றார். இவை இருப்பது அதற்கு வெகு மேலே, பெட்டிகள் கைக்கு வந்து சேரும் இடத்திலேயே. குறைவாகத்தான் வருகிறது என்று தெரிந்தவர் போடும் இடம் அது. அவ்வளவுதானா என்று கேட்டேன். சிரித்தார்.

"சந்தேகப்படணும்னா தெரிஞ்சு போட்டது. வேண்டாம்னா, சுத்தமா வேல செய்யறவன் போட்டது."

ஒரே மூன்று வரி. மனைவியைக் காப்பாற்றியதும் அதுதான், தன் குறையை மூடியதும் அதுதான். எதற்காகப் போட்டார் என்பது அந்த வரிகளில் எங்கும் எழுதப்படவில்லை.

6

திங்கட்கிழமைக்கு நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ. அவள் படியேறிப் போய், நான்தான் என்கிறாள். பச்சை தலையசைக்கிறார். அவள் மேசையைக் காலி செய்துகொண்டு இறங்கி வருகிறாள், வெயில் முகத்தில் அடிக்கிறது. படிப்பவர்களுக்குப் பிடிக்கும். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. பழியை ஏற்றுக்கொள்ளும் பெண்ணை உயர்ந்தவள் என்று சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டும் கதைகளை நிறையப் படித்துவிட்டேன்.

ஆ. பச்சை மனம் மாறி, தவறு எல்லோருடையதும் என்று சொல்லி, ஆளுக்கொரு லாகின் வாங்கிக் கொடுக்கிறார். அவரைத் தெரிந்த யாரும் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

இ. அவள் வாயைத் திறப்பதற்கு முன் கதவு திறக்கிறது, உள்ளே வந்தவர்

இதை முடிக்கவில்லை. அவர் யார் என்று எழுதும் உரிமை எனக்கு இல்லை.

7

மேலே உள்ளதை அச்செடுத்துச் சனிக்கிழமை தங்கைக்குக் கொடுத்தேன், ஐந்தாம் பகுதி நீங்கலாக. அந்தத் தாள்களை உருவி என் மேசை இழுப்பறையில் போட்டேன். வாக்குக் கொடுத்திருந்தேன் என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்குக் குடுத்த வாக்கு? அவளுக்கும் ஒண்ணு குடுத்தீங்களே."

"அவரே சொல்றேன்னார்."

"சத்தம் வராம மூடி வெச்சார்னு அவரப் பத்தி எழுதிட்டு, நீங்களும் அதத்தானே பண்றீங்க."

தாள்களை உருவினேனே தவிர, மற்றப் பகுதிகளின் எண்களை மாற்றவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். அவசரத்தில் விட்டுப்போயிற்று என்றும் சொல்லலாம். அவள் கண்ணில் படட்டும் என்று வேண்டுமென்றே விட்டேனா என்று கேட்டால், இதே கேள்வியை நான் கண் மருத்துவமனையில் ஒருவரிடம் கேட்டதும், அவர் பதில் சொல்லத் தயங்கியதும் நினைவுக்கு வருகிறது. எனக்கும் அளவெடுத்துத் தைத்த பதில்தான் கிடைக்கிறது.

ஞாயிறு முற்பகல் தங்கை தனியாக வந்தாள். அவர் எங்கே என்றேன். கார் கழுவுகிறார் என்றாள். ஏதாவது சொன்னாரா என்று கேட்க நினைத்து, சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டாளாம்.

நான் எதிர்பார்த்ததைவிட நல்ல மனநிலையில் இருந்தாள். தாள்களின் ஓரமெல்லாம் சிவப்பு மை. பச்சை என்ற பெயரை மாற்றச் சொன்னாள். அவர் கதையெல்லாம் படிக்கமாட்டார் என்றாலும் யாராவது படித்துக் காட்டுவார்கள். காய்கறிப் பையைப் பற்றிய வரி தான் சொன்னது இல்லை, அவர் சொன்னது என்றாள். மாமியாரின் பல் வலியை எடுத்துவிடச் சொன்னாள், அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றாள். நான் குறித்துக்கொண்டேன், ஆனால் எடுப்பதாக இல்லை. பிறகு தாள்களை மேசையில் தட்டி ஓரம் சேர்த்து வைத்தாள்.

"நாலுக்கு அப்புறம் ஆறு வருது."

நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

"அஞ்சு நீங்களா எடுத்தீங்களா, அவர் எடுக்கச் சொன்னாரா?"

எழுதுகிறவனுக்கு இந்த இடத்தில் எத்தனையோ வசதிகள் உண்டு. பிரிண்டர் கோளாறு என்று ஒரு வாக்கியம் போதும். தொலைபேசி அடிக்கலாம். மனைவி தேநீரோடு வரலாம். நான் எதுவும் எழுதவில்லை. பேசவும் இல்லை. ஒருவர் பேசாமல் இருப்பதற்கு என்ன அர்த்தம் என்று என் தங்கைக்குத் தெரியும். என்னோடு வளர்ந்தவள்.

அவர்கள் ஆபீஸில் ஒரு பழக்கம் உண்டாம். ஒரு கணக்கின்மேல் சந்தேகம் வந்தால் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கமாட்டார்கள். முதல் விடையைப் பார்க்காத இன்னொருவரைக் கூப்பிட்டு, அவரைத் தனியாகப் போடச் சொல்வார்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். இதை விளக்கிவிட்டு, என் மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள்.

"உங்க அஞ்ச நான் படிக்கல. என் அஞ்ச நான் எழுதறேன்."

"உனக்கு என்னம்மா தெரியும், எழுத?"

"எழுதினாத்தானே தெரியும்."

தலைப்பில் எண்ணைப் போட்டு அடிக்கோடிட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே எதிர் வீட்டுக்காரர் ஏணியில் நின்று மழைத் தகரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். பேனா வெகுநேரம் நிற்கவில்லை. ஒரு வரியை அடிக்கிற சத்தமும் கேட்கவில்லை. யோசித்து எழுதுகிறவள் மாதிரி இல்லை, ஏற்கெனவே எழுதிவைத்ததைப் பார்த்து எழுதுகிறவள் மாதிரி இருந்தது.

முடித்ததும் தாளைக் கவிழ்த்து வைத்தாள். என் பக்கமாகத் தள்ளினாள்.

"இப்ப உங்களுத எடுங்க."

இழுப்பறையைத் திறந்தேன். என்னுடைய ஐந்தையும் கவிழ்த்து அவளுடையதன் பக்கத்தில் வைத்தேன். அவள் எதையும் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். இரண்டும் ஒன்றாக இருந்தால், அவள் ஆரம்பத்திலிருந்தே தெரிந்துகொண்டு, தெரிந்தேதான் நாளைக்கு வேறொருவர் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளப் போகிறாள், அல்லது போட்டுக்கொள்ளப் போவதில்லை. வேறாக இருந்தால், என் மாப்பிள்ளையைப் பற்றி இரண்டு கதைகள் இருக்கின்றன, எது சரி என்று சொல்ல மூன்றாவது ஒரு ஆள் வேண்டும். நான் அதற்கு லாயக்கில்லை என்று ஒன்றாம் பகுதியிலேயே சொல்லிவிட்டேன்.

ஒரு ஐந்தை நீங்கள் படித்துவிட்டீர்கள். மற்றது இன்னும் கவிழ்ந்தே கிடக்கிறது. அதை யார் முதலில் திருப்புவது என்று நாங்கள் இருவரும் காத்திருக்கிறோம்.